பவர்ஃபுல் மெஷின், ஒரே ஒரு கப் பால்: நாப்பைப் பாதி திறக்குறதா, பிரஷரைக் குறைக்கிறதா, டிப்பை மாத்துறதா?

வீட்டுக்கு டூயல் பாய்லர் எஸ்பிரெஸோ மெஷினோ (காபிக்கும் ஸ்டீமுக்கும் தனித்தனி பாய்லர்) பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷினோ (ரெண்டுக்கும் ஒரே பாய்லர்) வாங்கினவங்க நிறைய பேருக்கு முதல் மாசத்துல தலைவலி குடுக்குறது எஸ்பிரெஸோ இல்ல, பால் தான். ஸ்டீமைத் திறந்தா போதும், ஒரு கப்புக்குன்னு ஊத்தின 150 மிலி பால் கண் மூடித் திறக்குறதுக்குள்ள தொட முடியாத சூட்டுக்குப் போயிடுது, மேல பெரிய பெரிய குமிழியா நுரை நிக்குது, அடியில வெறும் சூடான பால், ரெண்டும் கலக்கவே மாட்டேங்குது. காஜியா கிளாசிக் மாதிரி 100 மிலி பாய்லர் வச்ச சின்ன மெஷின்ல பழகி நல்லா பட்டு மாதிரி பால் எடுத்துட்டு இருந்தவங்களுக்கும் இதே கதி தான், ஏன்னா கைக்குப் பழகின டைமிங் எதுவும் இங்க செல்லாது.

இதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்லுவாங்க. ஸ்டீமைத் திறக்குற நாப்பைப் பாதி மட்டும் திற, பாய்லர் பிரஷரைக் குறை, ஸ்டீம் குழாயோட நுனியில இருக்குற நாலு ஓட்டை டிப்பைக் கழட்டிட்டு ரெண்டு ஓட்டை டிப் போடு, பெரிய ஜக்குல நிறைய பால் ஊத்து, அப்படின்னு. எல்லாமே ஏதோ ஒரு அளவுக்கு வேலை செய்யும், ஆனா எல்லாம் ஒரே வேலையைச் செய்யல. என்னோட சாய்ஸ் டிப்பை மாத்துறது தான், அதை முதல்லயே சொல்லிடுறேன், ஆனா ஏன்னு புரிஞ்சுக்கிட்டு வாங்கினா தான் சரியான டிப் வாங்குவீங்க, இல்லன்னா அதுவும் டிராயர்ல கிடக்கும்.

முதல்ல பாலுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். ரெண்டு வேலை நடக்கணும். ஒண்ணு, காத்து உள்ள போகணும். டிப் பாலோட மேல்மட்டத்தை லேசா தொட்டுட்டு இருக்கும்போது பேப்பர் கிழியுற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது தான். பால் சுமார் 37 டிகிரிக்கு, அதாவது ஜக்கைத் தொட்டா சூடும் இல்லாம ஜில்லுனும் இல்லாம இருக்குற நிலைக்கு வர்றதுக்குள்ள இந்த வேலை முடிஞ்சிருக்கணும். ரெண்டாவது, டிப்பைக் கொஞ்சம் உள்ள இறக்கி பாலைச் சுழல விடணும், இந்தச் சுழல்ல தான் பெரிய குமிழி எல்லாம் உடைஞ்சு கண்ணுக்கே தெரியாத குட்டிக் குமிழியாகி பால் முழுக்க ஒரே சீரா பரவும், பால்ல இருக்குற புரதம் அந்தக் குமிழிகளைச் சுத்திப் படிஞ்சு நிக்க வைக்கும். 60 டிகிரி கிட்ட நிறுத்திடணும். 70க்கு மேல போனா வேக வச்ச பால் வாசனை வந்துடும், இனிப்பும் போயிடும்.

இப்போ கணக்கு. ஃப்ரிட்ஜ்ல இருந்து 5 டிகிரில எடுத்த 150 மிலி பாலை 60 டிகிரிக்குக் கொண்டு போக சுமார் 32 கிலோஜூல் வேணும், அதைக் குடுக்க தோராயமா 13 கிராம் நீராவி போதும் (அந்த 13 கிராமும் தண்ணியாகி பால்லயே சேர்ந்துடும், அதனால ஸ்டீம் பண்ண பால் எப்பவுமே கொஞ்சம் தண்ணி சேர்ந்த பால் தான்). 1.5 பார் பிரஷர்ல 1.2 மிமீ ஓட்டை நாலு இருக்குற டிப் இந்த 13 கிராமை சுமார் 10 செகண்ட்ல கொட்டிடும். அந்த 10 செகண்டுக்குள்ள காத்து விடுறது, டிப்பை இறக்குறது, சுழல் பிடிக்கிறது, நிறுத்துறது எல்லாம் நடக்கணும். தினமும் 300 கப் போடுற பாரிஸ்டாவுக்கு அது பிரச்சினையே இல்ல, அவங்க பல நேரம் ஒரு தடவைக்கு ஒரு கப்புக்கு மேலயே பால் ஸ்டீம் பண்ணுவாங்க. லா மார்சோக்கோ லினியா மினி மாதிரி மெஷின்ல 3.5 லிட்டர் ஸ்டீம் பாய்லர் இருக்கு, கடை மெஷினோட ரத்தம் அப்படியே வீட்டுக்கு வந்திருக்கு, ஆனா வீட்டுல காலையில குடிக்கிறது ஒரு ஆள், ஒரு கப்.

சரி, இப்போ வழிகளுக்கு வருவோம்.

நாப்பைப் பாதி திறக்குறது தான் எல்லாரும் முதல்ல செய்யுறது, ஏன்னா காசு செலவு இல்ல. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. ஏன்னா இங்க நீராவி அடைபடுறது நாப்புக்குள்ள இருக்குற வால்வுல, டிப்புல இல்ல. வால்வைத் தாண்டினதும் பிரஷர் விழுந்துடும், அப்புறம் அந்தப் பெரிய நாலு ஓட்டை வழியா சோம்பேறித்தனமா வெளிய வரும். வேகம் இல்லாத நீராவியால பாலைச் சுத்த வைக்க முடியாது, குமிழியை உடைக்கவும் முடியாது, ஆனா சூடு மட்டும் குடுத்துட்டே இருக்கும். அதாவது நமக்கு வேண்டியதைக் குறைச்சுட்டு வேண்டாததை வச்சுக்கிறோம். கூடவே இன்னொரு கஷ்டம், நேத்து எவ்வளவு திறந்தோம்ங்கிறது இன்னைக்கு அதே மாதிரி வராது, நாப் ஒரு கால் சுத்து கூடப் போனா பால் வேற மாதிரி ஆகும், பழகவே முடியாது. லீவர் மாதிரி தட்டுற வால்வு இருக்குற மெஷின்ல பாதி திறக்குறதுங்கிற பேச்சே பெரும்பாலும் கிடையாது.

நமக்கு வேண்டியது என்னன்னா நீராவியோட வேகம் அப்படியே இருக்கணும், அளவு மட்டும் குறையணும். இதை மனசுல வச்சுக்கிட்டா மத்த வழிகளை எடை போடுறது ஈஸி.

அடுத்தது பாய்லர் பிரஷரைக் குறைக்கிறது. டூயல் பாய்லர் மெஷின்ல இது ரொம்ப சுலபம், லெலிட் பியாங்கா, இசிஎம் சின்க்ரோனிகா மாதிரி மெஷின்கள்ல பிஐடி (சூட்டைக் கட்டுப்படுத்துற எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர்) டிஸ்ப்ளேல ஸ்டீம் பாய்லரோட டிகிரியை மாத்தினா போதும், காபி பாய்லருக்கு அதுனால ஒண்ணும் ஆகாது. டிகிரிக்கும் பிரஷருக்கும் நேரடி கணக்கு உண்டு, 120 டிகிரின்னா பிரஷர் கேஜ்ல சுமார் 1 பார், 127 டிகிரின்னா சுமார் 1.5 பார், 134 கிட்ட போனா 2 பார்.

ஆனா இதுல பலரும் ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. 1.5 பார்ல இருந்து 1 பாருக்குக் குறைச்சா நீராவி மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும்னு நினைப்போம். குறையாது. கேஜ் காட்டுறது வெளிக்காத்தை விட எவ்வளவு அதிகம்ங்கிறதை மட்டும் தான், உண்மையான பிரஷர் அதோட 1 பார் கூட்டினது, அதாவது 2.5ல இருந்து 2. இந்த மாதிரி சின்ன ஓட்டையில நீராவி பாய்ற அளவு அந்த உண்மையான பிரஷரைப் பொறுத்து தான் போகும், அதனால குறையுறது சுமார் 20 சதவீதம் மட்டுமே. 10 செகண்ட் 12 செகண்டா மாறும், அவ்வளவு தான் கிடைக்கும். அதுக்காக இன்னும் கீழ இறக்கி 0.8க்குக் கொண்டு போனா பாய்லர்ல சேத்து வச்ச சூடு கம்மியாகி, ரெண்டாவது ஜக் ஸ்டீம் பண்ணும்போது மூச்சு வாங்கும், ஈரமான நீராவியும் வரும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின் வச்சிருக்கவங்க இந்த வழிக்கே போகாதீங்கன்னு தான் சொல்லுவேன். ராக்கெட் அப்பார்ட்டமென்டோ மாதிரி மெஷின்ல ஒரே பாய்லர் தான், காபிக்குப் போற தண்ணி அந்தப் பாய்லருக்குள்ள ஓடுற குழாய் வழியா சூடாகிப் போகுது. ஸ்டீம் பிரஷரைக் குறைச்சா காபித் தண்ணியோட சூடும் சேர்ந்து இறங்கும், பாலுக்காக கையை வச்சா எஸ்பிரெஸோ புளிக்கும். அதுவும் போக பாய்லர் பிரஷரை செட் பண்ற பிரஷர்ஸ்டாட் மேல் மூடியைக் கழட்டினா தான் எட்டும், உள்ள 230 வோல்ட் ஓடுது, பிளக்கைப் பிடுங்காம யாரும் உள்ள கை வைக்கக் கூடாது.

இப்போ டிப். இங்க தான் கணக்கு நம்ம பக்கம் வருது. நீராவி எவ்வளவு போகும்ங்கிறது ஓட்டைகளோட மொத்தப் பரப்பைப் பொறுத்தது. 1.2 மிமீ ஓட்டை நாலுன்னா மொத்தம் 4.5 சதுர மிமீ. 1 மிமீ ஓட்டை ரெண்டுன்னா 1.6 கூட இல்ல. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. 10 செகண்ட்ல முடிஞ்ச பால் இப்போ 25லிருந்து 30 செகண்ட் எடுக்கும், காத்து விட நிதானமா நேரம் கிடைக்கும், சுழலுக்கும் 15 செகண்டுக்கு மேல கிடைக்கும். அதே சமயம் பாய்லரோட முழு பிரஷரும் டிப் வரைக்கும் வந்து நிக்குது, ஓட்டையை விட்டு வெளிய வர்ற வேகம் குறையவே இல்ல. வேகம் இருக்கு, அளவு கம்மி. கேட்டது அப்படியே கிடைச்சாச்சு.

இன்னொரு லாபம் சொல்லணும், இதைப் பத்தி யாரும் பெருசா பேசுறது இல்ல. நாலு ஓட்டை டிப் உறிஞ்சுற வேகத்துக்கு வீட்டு மெஷின் ஹீட்டரால ஈடு குடுக்க முடியாது, அதனால ஸ்டீம் பண்ணப் பண்ண கேஜ் முள்ளு கீழ இறங்கிட்டே இருக்கும், ஆரம்பத்துல இருந்த ஃபோர்ஸ் கடைசில இருக்காது. சின்ன டிப் எடுக்குற நீராவிக்கு சுமார் 1 கிலோவாட் போதும், 1200, 1400 வாட் ஹீட்டர் அதை அப்படியே சமாளிச்சிடும், முள்ளு ரொம்ப நகராம ஒரே இடத்துல நிக்கும். ஆரம்பத்துல எப்படியோ கடைசி வரைக்கும் அப்படியே. கை பழகுறதுக்கு இதை விட வேற என்ன வேணும்.

ரெண்டு ஓட்டையா ஒரு ஓட்டையான்னு ஒரு சண்டை உண்டு. 1.5 மிமீ ஒரு ஓட்டையும் 1 மிமீ ரெண்டு ஓட்டையும் பரப்புல கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதனால நேரத்துல பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் திசையில. ஒரு ஓட்டைன்னா நீராவி ஒரே பக்கம் பாயும், அதை ஜக்கோட சுவர் பக்கம் சரியா திருப்பிட்டா சுழல் தானா பிடிச்சுக்கும், 100 மிலி பால்ல கூட வரும், ஆனா கோணம் கொஞ்சம் தப்பினாலும் பால் சுத்தாம மேலயும் கீழயும் குதிக்கும். ரெண்டு ஓட்டை கொஞ்சம் மன்னிக்கும். கார்டாடோ மாதிரி குட்டி டிரிங்க் மட்டும் குடிக்கிறவங்க ஒரு ஓட்டை எடுக்கலாம், மத்தவங்களுக்கு ரெண்டு ஓட்டை, 1 மிமீ.

குறையும் இருக்கு. சின்ன ஓட்டை சீக்கிரம் அடைச்சுக்கும். ஸ்டீமை மூடின உடனே வாண்ட் (ஸ்டீம் குழாய்) உள்ள நீராவி குளிர்ந்து சுருங்கி பாலை உள்ள இழுக்கும், பெரிய ஓட்டையில அது அடுத்த பர்ஜ்ல, அதாவது ஸ்டீமைச் சும்மா திறந்து விடும்போது, வெளிய வந்துடும், 1 மிமீல காய்ஞ்சு உக்காந்துடும். அதனால ஜக்கை எடுத்த கையோட ஈரத் துணியால துடைச்சு ரெண்டு செகண்ட் ஸ்டீம் விட்டு வெளியேத்தணும், துடைக்குறது முதல்ல, மத்தது எல்லாம் அப்புறம். வாரத்துக்கு ஒரு தடவை, வாண்ட் நல்லா ஆறினப்புறம், டிப்பைக் கழட்டி வெந்நீர்ல ஊற வச்சு மெல்லிசு ஊசியால ஓட்டையைச் சுத்தம் பண்ணுங்க. ரெண்டு ஓட்டையில ஒண்ணு பாதி அடைச்சிருந்தா கூட பால் ஒரு பக்கமா இழுக்கும், டெக்னிக் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுட்டு கையைக் குறை சொல்லிட்டு இருப்போம்.

வாங்குறதுக்கு முன்னாடி த்ரெட் அளவைப் பாருங்க. எல்லா மெஷினுக்கும் ஒரே த்ரெட் இல்ல, சிலதுல டிப்புக்கு உள் மரை, சிலதுல வெளி மரை, ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்கே மாறும். இருக்குற டிப்பைக் கழட்டி வெர்னியர் வச்சு அளந்துட்டு, உள்ள இருக்குற ரப்பர் ஓ ரிங்கையும் பாத்துட்டு ஆர்டர் போடுங்க.

டிப் வர்ற வரைக்கும் நாலு ஓட்டையில ரெண்டை பல் குத்துற குச்சியால அடைச்சுப் பாக்குறவங்க இருக்காங்க. எதிரெதிரா இருக்குற ரெண்டை அடைச்சா வித்தியாசம் உடனே தெரியும், ஆனா குச்சி பிரஷர்ல தெறிக்கும், பால்லயும் விழும், தினமும் பாலும் சூடும் பட்ட மரத்துல நாத்தம் வரும். டிப் மாத்தினா நமக்குப் பலன் இருக்குமான்னு தண்ணில ஒரு தடவை பாத்துக்க ஓகே, அதோட எடுத்துடுங்க.

பெரிய செலவு இல்லாத வழி ஒண்ணு, ஜக்கும் பால் அளவும். 600 மிலி ஜக்குல 150 மிலி பால் ஊத்தினா பால் ஆழமே இருக்காது, டிப்பை எங்க வச்சாலும் ஒண்ணு காத்துல இருக்கும், இல்ல அடியை முட்டும். ஒரு கப்புன்னா 350 மிலி ஜக் கண்டிப்பா வேணும், மூக்கு ஆரம்பிக்கிற இடத்துக்குக் கீழ வரைக்கும் பால். வீட்டுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல குடிக்கிறீங்கன்னா 600 மிலி ஜக்குல 300 மிலி ஸ்டீம் பண்ணி இன்னொரு ஜக்குல பாதி பிரிச்சு ஊத்துங்க, நாலு ஓட்டை டிப்போடயே 20 செகண்ட் கிட்ட கிடைக்கும், டிப் வாங்க வேண்டிய அவசியமே இருக்காது. தனியா குடிக்கிறவங்க இதுக்காக 300 மிலி ஸ்டீம் பண்ணிட்டு பாதியைக் கொட்டுறது எனக்கு மனசு வராத விஷயம், பால் அது.

பாலோட ஆரம்ப சூடு கூட ஒரு வழி தான், இதை மத்த எதோடயும் சேத்துச் செய்யலாம். 5 டிகிரில ஆரம்பிச்சா 60 வரைக்கும் 55 டிகிரி ஓட்டம் இருக்கு, வெளிய வச்ச 25 டிகிரி பால்ல 35 தான். ஃப்ரிட்ஜ் பாலுக்கு ஒண்ணரை மடங்குக்கு மேல நேரம் கிடைக்குது, ஜக்கையும் ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டா இன்னும் நல்லது.

நம்ம ஊர்ல இங்க ஒரு சிக்கல். பாக்கெட் பாலைப் பிரிச்ச உடனே காய்ச்சிடுறது வீட்டுப் பழக்கம். காய்ச்சின பால்ல நுரை வராதுன்னு இல்ல, வரும், ஆனா வேக வச்ச வாசனை ஏற்கனவே ஏறியிருக்கும், ஆடை டிப் ஓட்டையில போய் உக்காரும், 1 மிமீ டிப்புக்கு அது ஆகவே ஆகாது. பாஸ்டரைஸ் பண்ண பாக்கெட் பாலை, சீல் பிரிக்காம ஃப்ரிட்ஜ்ல வச்சது, தேதிக்குள்ள இருக்குறது, நேரா ஜக்குல ஊத்தலாம். பெரியவங்க சம்மதிக்கலன்னா காய்ச்சி, நல்லா ஜில்லுன்னு ஆக்கி, வடிகட்டிட்டு ஊத்துங்க. கறந்த பால்னா காய்ச்சாம தொடவே கூடாது, அதுல பேச்சுக்கே இடமில்ல.

ஆவின்ல எதுன்னு கேட்டா, நீலம் 3 சதவீதம் கொழுப்பு, நுரை சுலபமா நிக்கும் ஆனா வாயில கொஞ்சம் மெலிசா இருக்கும். ஆரஞ்சு 6 சதவீதம், கனமா பளபளன்னு வரும், ஆனா காபியை அமுக்கிடும். ஊதா கலர் டிலைட் 3.5, பச்சை 4.5, இந்த ரெண்டுல எது கிடைச்சாலும் எடுங்க, பட்டு மாதிரி வர்றது இங்க தான்.

டிப் மாத்தின பிறகு கையை எப்படி வச்சுக்கணும்னு சொல்லிடுறேன், ஏன்னா நாலு ஓட்டைக்குப் பழகின கை அவசரப்படும். முதல்ல பர்ஜ் பண்ணி வாண்ட்ல நிக்குற தண்ணியை வெளிய விடுங்க. டிப்பை பாலுக்குள்ள ஒரு செமீ முக்கி, ஜக்கோட நடுவுக்கும் சுவருக்கும் இடையில வச்சு, நாப்பை முழுசா திறங்க, பாதி எல்லாம் வேண்டாம். பால் சுத்த ஆரம்பிச்சதும் ஜக்கை நூலளவு கீழ இறக்குங்க, அந்தக் கிழியுற சத்தம் விட்டு விட்டு வரணும், லாட்டேக்கு நாலஞ்சு செகண்ட், கேப்புச்சினோக்கு இன்னும் கொஞ்சம். கொடகொடன்னு சத்தம் வந்தா ரொம்ப இறக்கிட்டீங்க, கீச்சுன்னு கத்துச்சுன்னா ரொம்ப முக்கிட்டீங்க. அப்புறம் லேசா ஜக்கைத் தூக்கி சத்தத்தை அடக்கிட்டு சுழலை மட்டும் ஓட விடுங்க, மேல மிதக்குற குமிழி ஒவ்வொண்ணா நடுக்குழிக்கு இழுபட்டு உள்ள போய் காணாம போறது கண்ணுக்கே தெரியும். ஜக்கோட அடியில கை வச்சு ரெண்டு செகண்டுக்கு மேல வைக்க முடியாத நிலை வந்ததும் மூடுங்க. சரியா வந்த பால்னா ஜக்கைச் சாய்ச்சு சுத்தும்போது மேல ட்யூப்லைட் வெளிச்சம் உடையாம தெரியும், குமிழி ஒண்ணு கூட இருக்காது.

60 டிகிரி பத்தாது, ஆத்திக் குடிக்கிற அளவுக்கு சூடு வேணும்னு சொல்றவங்க வீட்டுல இருப்பாங்க. அவங்களுக்கு கப்பை முதல்ல வெந்நீர் ஊத்தி சூடு பண்ணிட்டு 65, 66 வரைக்கும் போங்க, அதுக்கு மேல பால் தாங்காது.

இன்னும் மெஷினே வாங்காதவங்க, ஒரு நாளைக்கு ஒரு கப்பு தான்னா இவ்வளவு பெரிய ஸ்டீம் பாய்லர் தேவையே இல்ல. பிரெவில் பாம்பினோ மாதிரி, பாய்லருக்குப் பதிலா தெர்மோஜெட் ஹீட்டர் வச்ச மெஷினோட மெதுவான ஸ்டீம் ஒரு கப்புக்கு நல்லாவே பொருந்தும், சமையல்கட்டு மேடையும் மிச்சம். வீட்டுல நாலு பேர் பால் காபி குடிக்கிறீங்கன்னா தான் பெரிய பாய்லருக்கு அர்த்தம்.

டிப் மாத்தினவங்க பழைய நாலு ஓட்டை டிப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஓ ரிங்கோட சேத்து ஒரு சின்ன கவர்ல போட்டு மெஷின் பக்கத்துலயே வைங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆள் வந்து 400 மிலி பாலை ஒரே தடவையில ஸ்டீம் பண்ண வேண்டி வந்தா சின்ன டிப் ஒரு நிமிஷத்துக்கு மேல இழுக்கும், சத்தத்துல பேசவும் முடியாது, அப்போ வாண்ட் ஆறி இருக்கும்போதே பழைய டிப்பை மாட்டிட்டு மெஷினை ஆன் பண்ணுங்க.